சீன வீட்டுக்குப் போன தண்ணீர் லாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் எனக்குச் சீன மொழி தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வாய்ப்பாட்டைச் சீனத்தில் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். முக்கோணம், காந்தம், ஆவியாதல், ஒளிச்சேர்க்கை எல்லாவற்றுக்கும் சீனச் சொல் தெரியும். 'உப்பு போதுமா' என்று கேட்கத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் என் கண்ணில் படவே இல்லை. நான் ஒருவன் மட்டும் முட்டாளாக இருந்திருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். என் பேச்சை நம்பி என் அப்பா, சித்தப்பா, பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள், ஒரு தண்ணீர் லாரி டிரைவர் என்று ஒரு கூட்டமே ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலில் வந்து நின்றது.

அப்போது நாங்கள் ஓசூர் தாண்டி, கன்னடப் பக்கத்துச் சந்தாபுராவில் இருந்தோம். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண்கள் மட்டும் எழும்பி நின்ற காலம். அப்பா டெலிபோன் செய்கிற ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அந்த ஓய்வில் அவருக்கு விருப்பம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சீனாவிலிருந்து மலிவாக வந்திறங்கிய கருவிகள்தான் தன் ஃபேக்டரியைச் சாப்பிட்டுவிட்டன என்பது அவருடைய தீர்ப்பு. வேறொருவராக இருந்தால் சீனாவைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். என் அப்பா என்னைச் சீனம் படிக்க அனுப்பினார்.

"நம்ம சோத்துல கை வெச்சவன் என்னா பேசறான்னு நமக்குத் தெரிய வேணாமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தெரிஞ்சு?"

"அடுத்த பந்தியில நாம உக்காரலாம்."

"பந்தியில அப்புறம் உக்காருங்க. மொதல்ல கொடத்தை எடுத்துக்கினு போங்க, தெருவுல லைன் போட்டுட்டாங்க" என்றாள் அம்மா. எங்கள் தெரு போர்வெல் காய்ந்து போயிருந்தது.

பள்ளிக்கூடம் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற வழியில், புதிதாக வந்தது. அதில் ஒரே ஒரு சீனப் பிரிவு. காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை கணக்கு, அறிவியல், படம் வரைதல், உடற்பயிற்சி எல்லாமே சீனத்தில்தான். குழந்தையை மொழிக்குள் அப்படியே முக்கி வைத்தால் தானாக ஊறிவிடும் என்பது தாளாளரின் கொள்கை. ஊறுகாய் போடுகிற முறைதான். ஆனால் எங்கள் ஜாடியில் மாங்காய் நிறைய இருந்தது, உப்புதான் போதவில்லை. சீனாவிலிருந்து வந்த டீச்சர் ஒருவர். சீனத்தில் டீச்சருக்கு 'லாவ்ஷி' என்று பெயர். நாங்கள் மரியாதை குறையக்கூடாது என்று அவரை 'லாவ்ஷி மிஸ்' என்று கூப்பிட்டோம், அதாவது டீச்சர் டீச்சர். அவரை விட்டால், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்த சீனக் குடும்பங்கள் மூன்று. பள்ளி விளம்பரத் தாளில் அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து இரண்டு குடும்பம் ஊருக்குப் போய்விட, மிச்சம் ஒரு குடும்பம், ஒரு பையன்.

அந்த ஒரு பையனை வைத்து மொத்த வகுப்புக்கும் சீனக் காற்று வீச வேண்டும். அதனால் அவனுக்கு முறை வைத்தார்கள். முதல் பீரியடில் முதல் பெஞ்சு, அடுத்த பீரியடில் அடுத்த பெஞ்சு. காவேரித் தண்ணீர் ஏரியாவுக்கு ஏரியா திறந்து விடுகிற மாதிரி. எந்த பெஞ்சுக்கு வந்தாலும் அவன் நிறுத்தி, நிதானமாக, கைக்குழந்தையிடம் பேசுவது போல எங்களிடம் சீனம் பேச வேண்டும். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவனுக்கு இடைவேளை மணி அடித்தால்தான் விடுதலை.

லாவ்ஷி மிஸ் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனப் பெயர் வைத்திருந்தார். பதிலுக்கு நாங்கள் அவனுக்கு ஒரு இந்தியப் பெயர் வைத்தோம்: மச்சா. அதை அவன் பெருமையாக ஏற்றுக்கொண்டு தண்ணீர் பாட்டிலில்கூட எழுதி ஒட்டியிருந்தான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். மச்சாவிடம் யாரும் தமிழோ கன்னடமோ இங்கிலீஷோ பேசக்கூடாது, அவனுடைய சீனம் கெட்டுப்போய்விடும். பெரியவர்கள் அதை விரதம் போலக் கடைப்பிடித்தார்கள். அவனைப் பார்த்தால் சிரிப்பார்கள், 'நி ஹாவ்' என்பார்கள், நகர்ந்து போய்விடுவார்கள். ஒருவேளை அந்தக் குடும்பமும் கிளம்பிவிட்டால் சீனப் பிரிவை மூடிவிடுவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டுக்குக் கிடைத்த உபசாரம் எந்தப் புது மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. ஒரு வீட்டிலிருந்து முறுக்கு, இன்னொரு வீட்டிலிருந்து கொசுவலை. யுகாதிக்கு ஏழு வீட்டு ஹோளிகே, அதாவது போளி, போய் இறங்கியது.

இந்தக் கட்டளை எட்டாத ஒரே பெரியவர் என் சித்தப்பா. அவர் யாருக்கும் பெற்றோர் இல்லை, கார் ஓட்டுகிறவர். அந்தக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு அவர் வண்டிதான். காலையில் மச்சாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவார், சாயந்திரம் கூட்டி வருவார். ஓசூர் ரோட்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார அவரால் முடியாது.

"பாத்தியா மச்சா, கை காட்டாம பூந்துட்டான் பாரு. இவனுக்கெல்லாம் எவன்டா லைசன்ஸ் குடுத்தான்?"

முதல் வருடம் மச்சா சிரித்தான். இரண்டாம் வருடம் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "யோவ், கண்ணு தெர்ல?" என்று ஒரு லாரிக்காரரைக் கேட்டான். லாரிக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஆஃப் செய்தே விட்டார். நாங்கள் மூவரும் அன்று சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. மச்சா தமிழ் பேசுவது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை. ஊரில் எல்லாரும்தான் தமிழ் பேசுகிறார்கள். இதைப் போய் வீட்டில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

நான் சொல்ல வந்த சம்பவம் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் சித்தப்பா வந்து அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்தம்மா வண்டியில அழுதுக்கினு வந்தாங்கண்ணா. ஊருக்குப் போன் போட்டுப் பேசி, பேசி, ஒரே அழுகை."

அப்பாவின் முகத்தில் ஃபேக்டரி கேட் இரண்டாவது முறை மூடியது. "போறாங்களாடா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வர்றேன்? பாஷை புரிஞ்சாத்தானே?"

மச்சாவின் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அவர் மாதத்தில் பாதி நாள் வேறு ஊர்களில் டவர் வேலைக்குப் போய்விடுவார். போகாவிட்டாலும் கேட்கப் போவதில்லை. "போறீங்களான்னு நாம போய்க் கேட்டா, அப்படியும் போலாமான்னு அவருக்குத் தோணிடும்" என்று அப்பா சொல்லிவிட்டார். லாவ்ஷி மிஸ் விசா விஷயமாக ஊருக்குப் போயிருந்தார். அவர் இல்லாத அந்த நாட்களில் வகுப்பில் மச்சாதான் கரும்பலகைப் பக்கம் நின்று பாடம் வாசித்தான், பி.டி. சார் பிரம்போடு பக்கத்தில் நின்றார். ஆக, விசாரிக்க வேறு ஆள் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருந்தால் நான் நல்ல பையன். நான் எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"நான் பேசறேன். எனக்கு ஃபுல்லா தெரியும்" என்றேன்.

சனிக்கிழமை. மச்சாவை ஸ்கேட்டிங் வகுப்பில் இறக்கிவிட்டுச் சித்தப்பா அவன் அம்மாவைக் காய்கறி வாங்கக் கூட்டிப் போனார். பின் சீட்டில் அந்த அம்மா, பக்கத்தில் நான். மார்க்கெட் ஓரமாக வண்டியை நிறுத்தியதும் சித்தப்பா கண்ணாடியில் எனக்குக் கண் காட்டினார். நான் வகுப்பில் விருந்தினர் வந்தால் சொல்கிற வணக்கத்தை முழுசாகச் சொல்லி, என் சீனப் பெயரையும் சொல்லி, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பல நாளாக யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பேச ஆரம்பித்தார். மெதுவாக ஆரம்பித்து, வேகம் எடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அழுதுகொண்டே பேசினார். அதில் முக்கோணம் வரவில்லை, காந்தம் வரவில்லை, ஒளிச்சேர்க்கை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"என்னாடா சொல்றாங்கோ?" என்றார் சித்தப்பா.

"இரு, இன்னும் முடிக்கல."

அந்த அம்மா நிறுத்தி, என் முகத்தையே பார்த்தார். ஏதோ கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் வகுப்பறையில் லாவ்ஷி மிஸ் எங்களிடம் சொல்கிற வாக்கியங்கள்தான். "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றேன். பாவம், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது முறையும் ஒன்றும் பிடிபடவில்லை. "சத்தமாக" என்றேன். சத்தமாகச் சொன்னார். கொத்தமல்லி விற்கிற அம்மா கார் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"டேய், ஊரே பாக்குதுடா. என்னா கேட்ட நீ?" என்று சித்தப்பா பதறினார்.

இனியும் இழுக்க முடியாது. முடித்து வைக்கிற தோரணையில், "சரியான விடை. மிக நன்று. உட்காருங்கள்" என்றேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அழுகை நடுவிலேயே சிரித்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் கணக்கில் அது முழு வெற்றி. அழுதவர் சிரித்துவிட்டார், வேறென்ன வேண்டும்?

வீட்டில் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "என்னா சொன்னாங்க? போறாங்களா, இருக்காங்களா?"

அந்த நொடி வரைக்கும் என்ன சொல்வது என்று நான் யோசித்திருக்கவில்லை. உள்ளே அம்மா காலி டிரம்மை உருட்டிக்கொண்டு, அழுகையும் கோபமுமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் எங்கள் தெருவில் எந்தப் பெண் அழுதாலும் காரணம் ஒன்றுதான்.

"தண்ணிக் கஷ்டமாம்" என்றேன். "ரொம்பக் கஷ்டப்படறாங்களாம். தண்ணி மட்டும் வந்தா போக மாட்டாங்களாம்."

அப்பா என் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். படிக்க வைத்த காசு வீண் போகவில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சா இருந்த அப்பார்ட்மெண்ட் வாசலில் பெற்றோர் கூட்டம். எல்லாரும் சேர்ந்து ஏற்பாடு செய்த தண்ணீர் லாரி, அதன் நெற்றியில் யாரோ போட்ட மாலை. வாட்ச்மேன் குழம்பிப்போய், "சம்ப் ஃபுல் இதே சார், எல்லி ஹாகோது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டி நிறைந்திருக்கிறது, எங்கே ஊற்றுவது என்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன.

மச்சாவின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் 'நி ஹாவ்' என்றது. அப்பா என்னை முன்னால் தள்ளினார். "சொல்றா."

தண்ணீர் சம்பந்தமாக எனக்குச் சீனத்தில் முழுசாகத் தெரிந்த வாக்கியம் ஒன்றே ஒன்று. அதைக் கணீரென்று சொன்னேன். "தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்."

அந்த அம்மா லாரியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். மச்சா எங்கள் அப்பா பக்கம் திரும்பினான்.

"அங்கிள், எங்க வூட்ல தண்ணி வருது. யாரு கேட்டது இத? பின்னாடி ஜாம் ஆவுது பாருங்க, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க."

லாரி டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அதற்குள் அவன் லாரியின் பின்பக்கம் ஓடி, பலகையைத் தட்டி, டிரைவருக்குக் கை காட்ட ஆரம்பித்துவிட்டான். "வர்ட்டும் வர்ட்டும்... ரைட்டுல ஒடி... ஒடிண்ணா ஒடி, செவுரு இருக்குது... ஆங், நிறுத்து." சித்தப்பாவின் கை, சித்தப்பாவின் குரல், சித்தப்பா நாக்கைத் துருத்துகிற அதே மாதிரி நாக்கு. கூட்டம் ஆரவாரமாகக் கை தட்டியது. பெரியவர்கள் வேறெந்த பாஷையும் பேசாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பிள்ளை, எங்களில் பாதிப் பேரைவிட நன்றாகத் தமிழ் பேசியது. வாட்ச்மேனிடம் கன்னடத்தில் வேறு ஏதோ சொல்லி அவரையும் சிரிக்க வைத்தான்.

கை தட்டாதவர் ஒருவர்தான். அவன் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு மகனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது. பிறகு யாரிடமும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டார். லாரி அடித்த சேற்றில் கோபம் வந்துவிட்டது போல என்று பெற்றோர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்பா மெதுவாக என் பக்கம் குனிந்தார். "இவனுக்குத் தமிழ் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"அப்புறம் ஏன்டா அவனையே கேக்கல?"

"என்னைச் சீனம்தானே பேசச் சொன்னீங்க?"

அப்பா என்னை அடித்திருக்கலாம். என் பதிலில் தப்பு கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தில் லாரியிலிருந்த மாலையைக் கழற்றப் போய்விட்டார். அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது என்பதும், அம்மா அந்த வாரம் சீனாவை வாயார வாழ்த்தினாள் என்பதும் தனிக் கதை.

லாவ்ஷி மிஸ் ஊரிலிருந்து திரும்பியதும் அந்த வீட்டுக்குப் போய் வந்தார். பிறகு பெற்றோர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். வருடக் கடைசியில் அவர்கள் போகிறார்கள். காரணம் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, கொசுவும் இல்லை. பையன் வீட்டில் வாயே திறப்பதில்லையாம். பகல் முழுக்க எங்களுக்காகச் சீனம் பேசிப் பேசி அலுத்து வருகிறவன், வீட்டுக்குள் வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறானாம். அம்மா எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல். ஊரிலிருந்து அவன் மாமா போனில் கூப்பிட்டால், கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறானாம்.

"அன்னைக்கு வண்டியில இவன்கிட்ட அதான் கேட்டாங்களாம்" என்றார் அப்பா. "எம் புள்ள நாளெல்லாம் உங்ககூடத்தானே இருக்கான், என்னா பேசறான், எதுக்குச் சிரிக்கறான், கொஞ்சம் சொல்லுப்பான்னு கேட்டாங்களாம்."

"இவன் என்னா சொன்னானாம்?"

"சரியான விடைன்னானாம்."

கூட வந்திருந்த சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மட்டும் அரிசி களைந்துகொண்டிருந்த கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

எனக்கு அது விளங்கவே இல்லை. ஒரு பையன் வீட்டில் பேசாமல் இருப்பது ஒரு குறையா? நான் ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். இதற்காக யாராவது பெட்டி கட்டிக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் போவார்களா?

சீனப் பிரிவை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் அந்த அறையில் ரோபோ செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பா என்னை அதிலும் சேர்த்தார். சீனாக்காரன் அடுத்து அதைத்தான் செய்யப் போகிறான் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது.

மச்சா வீட்டார் கிளம்பிய அன்று சித்தப்பா வண்டியில் நானும் விமான நிலையம் வரை போனேன். வழியெல்லாம் மச்சா பேசிக்கொண்டே வந்தான். எந்த சிக்னலில் எவ்வளவு நேரம், எந்த டிரைவர் எப்படி ஒடிப்பான், ஊரில் போய் ஒரு நாய் வாங்கப் போவது, அதற்கு என் பெயரை வைக்கப் போவது. நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டே போனோம். அவன் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நாங்கள் சிரிக்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பெட்டிகளை இறக்கிவிட்டு அவன் அம்மா தள்ளுவண்டி தேடிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். நானும் மச்சாவும் டிக்கி பக்கம் நின்றோம். அவரைப் பார்த்தேன், மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை எனக்குப் புத்தி வந்திருந்தது. தமிழிலேயே கேட்டேன்.

"மச்சா, நீதான் நாளெல்லாம் வாய் மூடாம பேசறியே. அப்புறம் எதுக்குடா உங்கம்மா அழுவுறாங்க?"

அவன் பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவங்ககிட்ட பேசலியே."